குடலுக்கு ஒரு பெயர், சாசேஜுக்கு ஒரு பெயர்: மும்பைத் தமிழர் அடுக்களையில் ஒரு மொராக்கோ உணவு

'குடும்பத்தோடு உண்ணத்தக்க மொராக்கோ பாணி சாசேஜ்' என்ற தலைப்பில் சமையற்குறிப்புகள் இன்று எங்கும் பரவிக் கிடக்கின்றன. கடையில் வாங்கிய சாசேஜ், தகரக் குப்பியில் அடைத்த கொண்டைக்கடலை, தக்காளி, சீரகம், பட்டை, அருகில் ஒரு கிண்ணம் கூஸ்கூஸ். காரம் குறைவு, பாத்திரம் ஒன்று, நேரம் அரைமணி. இவ்வளவே அந்தக் குறிப்புகளின் சாரம். செம்பூரிலோ மாட்டுங்காவிலோ ஓர் இளம் தமிழ்க் குடும்பம் இதை ஞாயிற்றுக்கிழமை சமைத்துப் படம் எடுத்துப் பகிர்வது இன்று வியப்புக்குரியதன்று. ஆனால் அதே பொருள்களும் அதே முறையும் தாராவியின் தமிழ் அடுக்களைகளில் வேறு பெயர்களில் நெடுங்காலமாக இருந்துவருகின்றன. அவை 'உணவுப் பண்பாடு' என்ற மதிப்பைப் பெறவில்லை. ஏன் பெறவில்லை என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

முதலில் உணவை அறிவோம். மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகிய வடஆப்பிரிக்க நாடுகளில் வழங்கும் சாசேஜுக்கு 'மெர்கேஸ்' என்று பெயர். ஆட்டிறைச்சியையோ மாட்டிறைச்சியையோ கொத்தி, சீரகம், பூண்டு, சோம்பு, சிவந்த மிளகாய் சேர்த்துப் பிசைந்து, கழுவிய ஆட்டுக்குடலில் திணித்துச் செய்வது அது. இஸ்லாமியச் சமூகங்களின் உணவாதலால் பன்றியிறைச்சிக்கு அதில் இடமில்லை. அந்நாட்டுத் தொழிலாளர் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தபோது மெர்கேஸும் உடன் சென்றது. இன்று பிரெஞ்சு நகரங்களின் தெருவோரக் கடைகளிலும் தொழிற்சங்கப் பேரணிகளிலும் அது தவறாமல் இடம்பெறும் உணவு. அதாவது, உலக உணவு என்று நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பது, பிழைப்புக்காக ஊர் விட்டுப் போன மக்கள் தம்மோடு எடுத்துச் சென்ற உணவுதான்.

தாராவித் தமிழரும் அவ்வாறு ஊர் விட்டு வந்தவர்களே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலை நிறுவினர். தொழிற்கூடங்களில் உழைக்க அதே சீமையின் தலித் மக்கள் பெருந்தொகையாக வந்தனர். தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887இலும், தமிழர் எழுப்பிய பிள்ளையார் கோயில் 1913இலும் தோன்றின என்பதே அக்குடியேற்றத்தின் பழமைக்குச் சான்று. அருகிலிருந்த பாந்த்ராவின் இறைச்சிக்கூடத்திலிருந்து தோல் வந்தது. தோல் வந்த வழியிலேயே தலைக்கறியும் குடலும் காலும் ஈரலும் வந்தன. விலை உயர்ந்த தொடைக்கறி வேறு இடங்களுக்குப் போயிற்று. எஞ்சியவற்றை உண்ணத்தக்கதாக்கும் அறிவு தாராவியின் பெண்களிடம் வளர்ந்தது.

இறைச்சிக்கூடம் 1971இல் செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாறியது. அதனால் செம்பூரில் இன்று இரண்டு தமிழ் நிலவரைகள் அருகருகே உள்ளன. ஒன்று சேடா நகர் முருகன் கோயிலைச் சுற்றியது; ஆய்வாளர், செய்தியாளர் அனைவரும் அறிந்தது. மற்றொன்று தேவனாரைச் சுற்றிய இறைச்சி, தோல், எலும்பு ஆகியவற்றின் பொருளாதாரத்தைச் சார்ந்தது. அதைப் பற்றி எழுதியோர் சிலரே.

குடலின் கதை இதனினும் கூர்மையானது. ஆட்டுக்குடலைச் சுரண்டிக் கழுவி அறுவைச் சிகிச்சைத் தையல்நூலாக மாற்றும் தொழிலும் தாராவியில் நடைபெற்றது. ஒரே பொருள் மருத்துவமனையில் நூலாகிறது. உயர்தரக் கடையின் குளிர்பெட்டியில் 'இயற்கை உறை கொண்ட சாசேஜ்' ஆகிறது. தாராவிச் சந்தின் அடுப்பில் குடல்குழம்பு ஆகிறது. முதலிரண்டுக்கும் மதிப்பு உண்டு. மூன்றாவதைக் கண்டு மூக்கைப் பொத்துவோர் உண்டு. பொருளில் வேறுபாடு இல்லை. அதைக் கழுவும் கை எந்தச் சாதியுடையது, எந்தத் தெருவில் வாழ்கிறது என்பதில்தான் வேறுபாடு.

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் கல்விப்புலமும் துணை போயிருக்கிறது. 'மும்பைத் தமிழர் உணவு' என்றவுடன் மாட்டுங்காவின் இட்லி, வடை, ரசம், வடிகட்டிய காப்பி ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அங்குள்ள புகழ்பெற்ற கபே மெட்ராஸ் 1940இலும், இராமா நாயக்கின் ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942இலும் தொடங்கப்பட்டவை. இவ்விரண்டையும் நிறுவியோர் கன்னடக் கரையோரத்திலிருந்து வந்தோர்; அவை உடுப்பி மரபைச் சேர்ந்தவை. அவ்வாறிருந்தும் அவை தமிழர் உணவின் அடையாளமாக ஏற்கப்பட்டன. தாராவித் தமிழரின் இறைச்சி உணவு ஏற்கப்படவில்லை. மரக்கறியா இறைச்சியா என்பதே இங்கு மொழியையும் ஊரையும் விட வலிய அளவுகோலாக நின்றிருக்கிறது. இன்னொரு முரணும் உண்டு. மும்பைத் தெருக்களில் காலையில் மிதிவண்டியில் வந்து விற்கப்படும் இட்லியில் பெரும்பங்கு தாராவியின் தமிழ்க் குடும்பங்கள் விடியுமுன் அவித்தது. நகரம் அவர்கள் கையின் இட்லியை உண்கிறது. அவர்கள் வீட்டுக் குழம்பை அறிய விரும்புவதில்லை.

மராத்தியத் தலித் ஆய்வாளர் இத்துறையில் முன்னே சென்றிருக்கின்றனர். புனே பல்கலைக்கழகத்தின் சாவித்திரிபாய் புலே பெண்ணாய்வு மையம் 2009இல் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்து வெளியிட்டது. சாஹூ படோலே மராட்வாடாவின் தலித் உணவு குறித்து எழுதிய மராத்தி நூல் 2015இல் வெளிவந்து, பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. மும்பைத் தமிழருக்கு இவற்றுக்கு ஈடாகப் பரவலாக அறியப்பட்ட ஒரு தொகுப்பு இல்லை என்பது தமிழாய்வுலகம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இனி, அந்த மொராக்கோ உணவை ஒரு மும்பைத் தமிழ் அடுக்களையில் சமைத்துப் பார்ப்போம். ஓர் அடுப்பு, ஓர் ஆழமான சட்டி, ஓர் இட்லிப் பானை போதும். அரைக்கிலோ கொத்துக்கறி நான்கைந்து பேருக்குக் காணும். சீரகமும் மல்லியும் ஒவ்வொரு தேக்கரண்டி, சோம்பு அரைத்தேக்கரண்டி வறுத்துப் பொடித்து, ஐந்து பல் பூண்டும் காஷ்மீர மிளகாய்த்தூளும் உப்பும் சேர்த்து, கறியோடு நன்கு ஒட்டும்வரை பிசைய வேண்டும். ஒரு மணிநேரம் ஊறியபின் கைவிரல் நீளத்துக்கு உருட்டினால் உறையில்லாத சாசேஜ் ஆயிற்று. மும்பையின் சீக் கபாப் கடைகளில் எவரும் கண்டதுதான் இது. குடல் கிடைத்து, அதைச் சுத்தம் செய்யும் கைப்பழக்கமும் இருந்தால், மெர்கேஸாகவே செய்யலாம்.

உருட்டியவற்றைச் சிறிது எண்ணெயில் சிவக்க வாட்டி எடுத்துவைத்து, அதே சட்டியில் வெங்காயம், காரட், தக்காளி, ஒரு துண்டு பட்டை, சிறிது சுக்குத்தூள், மஞ்சள் சேர்த்து வதக்கி, முன்னிரவே ஊறவைத்து வேகவைத்த கொண்டைக்கடலையையும் ஒரு கைப்பிடி உலர்திராட்சையையும் இட்டு, சாசேஜைத் திரும்பச் சேர்த்து மூடி, கறி நடுவரை வேகும்படி இருபது நிமிடம் வைக்க வேண்டும். குழந்தைகளுக்காகக் காரத்தைக் குறைத்துவிட்டு, வேண்டுவோர்க்கு மிளகாய்ப் பூண்டுச் சட்னியைத் தனியே வைத்தால் வீடு முழுவதும் ஒரே சட்டியில் உண்ணலாம். வடஆப்பிரிக்காவின் ஹரிசா செய்வதும் இதையேதான்.

கூஸ்கூஸ் என்பது ரவையை நீர் தெளித்து உள்ளங்கையால் உருட்டி ஆவியில் வேகவைப்பது. கீழ்ப்பானையில் குழம்பு கொதிக்க, அதன் ஆவியிலேயே மேற்பானையில் கூஸ்கூஸ் வேகும். மாவை நீர் தெளித்துப் பிசிறி, குடத்தின் மேல் குழலை ஏற்றிப் புட்டு அவிக்கும் திருநெல்வேலிப் பெண்ணுக்கு இதில் விளக்க வேண்டியது எதுவும் இல்லை. அல்ஜீரியா, மொராக்கோ, துனீசியா, மௌரித்தானியா ஆகிய நான்கு நாடுகள் கூட்டாக விண்ணப்பித்து, கூஸ்கூஸ் குறித்த அறிவையும் பழக்கத்தையும் 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தன. தம்முள் அரசியல் பகை கொண்ட நாடுகளும் ஓர் உணவின் பொருட்டு ஒன்றாகக் கையெழுத்திட்டன. தாராவிக்காரர் கோதுமை ரவையைப் பிசிறி இட்லித் துணியில் பரப்பி இருமுறை அவித்தால் போதும். கூஸ்கூஸின் இடத்தை அது குறைவின்றி நிரப்பும்.

இங்கே சில மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, வறுமையின் உணவை அழகுபடுத்துகிறோம் என்பது. குடலையும் தலையையும் மக்கள் விருப்பத்தால் மட்டும் உண்ணவில்லை. கட்டுப்படியானது அதுவே என்பதாலும் உண்டனர். இந்த மறுப்பில் உண்மை உண்டு. ஆனால் கிடைத்ததைச் சுவையாக்கியது அறிவின் செயல். பற்றாக்குறையைக் கண்டிப்பதற்காக அந்த அறிவையும் மறுக்க வேண்டியதில்லை. மெர்கேஸும் கறியின் மிச்சத்தை வீணாக்காத சிக்கனத்தில் பிறந்ததே.

இரண்டாவது, உடல்நலம் பற்றியது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதற்பிரிவில் வைத்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பை 18 விழுக்காடு உயர்த்தும் என்றது. உப்பிட்டும் புகையூட்டியும் வேதிப்பொருள் சேர்த்தும் நெடுநாள் வைத்திருக்கச் செய்யும் இறைச்சியையே இவ்வகைப்பாடு குறிக்கிறது. அன்றே கொத்தி அன்றே சமைப்பது அதில் அடங்காது. எனவே கடையின் பொட்டலத்தைவிட வீட்டில் உருட்டிய சாசேஜ் மேலானது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிவப்பிறைச்சியை அளவோடு உண்க என்ற அறிவுரை இரண்டுக்கும் பொதுவானது.

மூன்றாவது மறுப்பு, இது தனிமனித விருப்பம். இதில் அரசியல் எதற்கு என்பது. மகாராஷ்டிரத்தில் பசுவதைத் தடைச் சட்டம் 1976 முதல் உள்ளது. 2015 மார்ச்சில் நடப்புக்கு வந்த திருத்தம் காளையையும் எருதையும் அத்தடைக்குள் கொண்டுவந்தது. மீறினால் ஐந்தாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை தண்டம். 2016 மே மாதத்தில் மும்பை உயர்நீதிமன்றம் தடையை நிலைநிறுத்தியபோதும், பிற மாநிலத்தில் முறைப்படி அறுக்கப்பட்ட மாட்டிறைச்சியை வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவை நீக்கியது. தனியுரிமை சார்ந்து, ஒருவர் வீட்டு அடுக்களைக்குள் அரசு எட்டிப்பார்க்கலாமா என்பதே அங்கு எழுந்த வினா. எருமை இறைச்சிக்குத் தடையில்லை என்றாலும், மலிவான புரதத்தை இழந்தோர் யார், தோல் தொழிலில் வேலை இழந்தோர் யார் என்று கேட்டால் விடை தாராவிக்கே வந்து சேரும். இத்துடன், இறைச்சி உண்போருக்கு வீடு மறுக்கும் வழக்கமும் மும்பை அறிந்ததே.

ஆகவே இன்று இவ்வினா அவசரமானது. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தின்படி 2000 ஜனவரி 1க்கு முன்பே அங்குக் குடியிருந்ததாக நிறுவக்கூடியோருக்கு 350 சதுர அடி வீடு என்று அறிவிக்கப்பட்டுள்ளது. மற்றோர் தாராவிக்கு வெளியே செல்ல நேரும். ஆவணமுள்ள குடும்பத்துக்கு வீடு கிடைக்கலாம். ஆனால் குடல் கழுவத் தண்ணீரும் இடமும் இருந்த சந்து, கறிக்கடைக்காரரோடு இருந்த கடன்கணக்கு, ஒரே பானையைப் பகிர்ந்த அண்டைவீட்டுப் பெண்கள் ஆகிய எதுவும் எந்த ஆவணத்திலும் இல்லை. அடுக்கு மாடியின் ஏழாவது தளத்தில், வேற்றூரார் நிறைந்த குடியிருப்பில், குடல்குழம்பின் மணம் எழும்போது என்ன நேரும் என்பதை அந்தப் பெண்களே முதலில் அறிவார்கள்.

உணவாய்வில் ஈடுபடும் மாணவர்க்கு இதில் செய்யத்தக்க பணி உண்டு. அதற்குப் பெரும் நிதி தேவையில்லை. தாராவி, செம்பூர்த் தமிழ்ப் பெண்களிடம், அவர்கள் ஒப்புதலோடு, அவர்கள் பெயரை அவர்கள் விரும்பும் வண்ணம் இட்டு, குடல் சுத்தம் செய்யும் முறை, உப்புக்கண்டம் போடும் முறை, எந்தப் பகுதிக்கு எந்த மசாலா என்ற பகுப்பு, அவற்றுக்கு வழங்கும் திருநெல்வேலிச் சொற்கள், மராத்தியிலிருந்தும் இந்தியிலிருந்தும் வந்து கலந்த சொற்கள் ஆகியவற்றைப் பதிவு செய்யலாம். சங்க இலக்கியத்தின் ஊன்சோற்றுக்கு உரை எழுதும் தமிழ்த்துறை, வாழும் ஊன்சோற்றுக்கும் சில பக்கங்களை ஒதுக்கலாம்.

மாட்டுங்காவின் இளம் குடும்பம் மொராக்கோ சாசேஜைத் தாராளமாகச் சமைக்கட்டும். நல்ல உணவு அது. சமைக்கும் முன் அந்த வீட்டில் வேலை செய்யும் தாராவிப் பெண்ணிடம், கொத்துக்கறி பிரியாமல் உருட்டுவது எப்படி என்று ஒருமுறை கேட்கட்டும். அவர் சொல்லும் முறையிலேயே உருட்டி, வெந்ததும் முதல் தட்டை அவரோடு அமர்ந்து உண்ணட்டும்.