சர்வரில் போட்டாச்சு, பிறகென்ன பயம்?

மல்லாங்கிணற்றிலிருந்து பஸ் ஏறி சிவகாசி அச்சகங்களுக்கு டிசைன் வேலைக்குப் போகும் பிள்ளைகளிடம், ஃபைலெல்லாம் பத்திரமா இருக்கா என்று கேட்டுப் பாருங்கள். "சர்வர்ல போட்டாச்சுண்ணே, ரெய்டு இருக்கு" என்று பட்டென்று பதில் வரும். முதலாளியைக் கேட்டாலும் அதே பதில்தான். இந்த நம்பிக்கை தவறு. தொழிலையே கவிழ்க்கக்கூடிய தவறு.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டுக்கு ஒரே வேலை. சர்வர் பெட்டிக்குள் ஒரு டிஸ்க் செத்தால் மற்றவற்றை வைத்து வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் கைதவறி அழித்த காலண்டர் டிசைனை எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அழித்துவிடும். வைரஸ் பூட்டிய டாலி கணக்கைப் பூட்டியபடியே காப்பாற்றி வைக்கும்.

ஐஸ்கஸி டிஸ்க் என்றால் இன்னும் மோசம். ஷேர் ஃபோல்டரில் எந்த ஃபைலை யார் திறந்திருக்கிறார் என்று நாஸ் எனும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்குத் தெரியும். ஐஸ்கஸியிலோ அந்தப் பெட்டி நெட்வொர்க் கேபிள் வழியே உங்கள் கம்ப்யூட்டரில் மாட்டிய வெறும் ஹார்ட் டிஸ்க். இந்த இடத்தில் இதை எழுது என்றால் எழுதும். உள்ளே இருப்பது டிசைனா குப்பையா என்று அதற்குத் தெரியாது.

இது புரியாமல் ஒரே லன்னை, அதாவது பெட்டி தரும் ஒரே ஐஸ்கஸி டிஸ்க்கை, இரண்டு கம்ப்யூட்டரில் மாட்டுகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பை அனுமதிக்கும் டிக் பல பெட்டிகளில் இருக்கிறது. அது பல கம்ப்யூட்டர்கள் ஒரே டிஸ்க்கைப் பகிர உதவும் கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் போட்டவர்களுக்கானது. சாதாரண என்டிஎஃப்எஸ் டிஸ்க்கில் அதைப் போட்டால் முதல் நாள் எல்லாம் சரியாகவே தெரியும். இரண்டிலும் ஈ டிரைவ் வரும். ஆனால் இதில் சேமித்தது அதில் தெரியாது. எந்த இடம் காலி என்று ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தனிக்கணக்கு வைத்திருப்பதால், ஒன்று எழுதிய இடத்தின் மேலேயே மற்றது எழுதும். பிறகு யாராவது டிஸ்க்கைச் சரிசெய்யும் செக்டிஸ்க் ஓட்டுவார், மிச்சமிருந்ததும் போகும். ரெய்டு விளக்கு அப்போதும் பச்சையாகத்தான் எரியும்.

சர்வருக்கு யுபிஎஸ் வைப்பவர்கள் நடுவிலிருக்கும் நெட்வொர்க் சுவிட்சைச் சுவர் பிளக்கிலேயே விட்டுவிடுகிறார்கள். ஒரு நொடி கரண்ட் போய் வந்தால் சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகும். எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்குவதும் இதுவும் ஒன்றுதான். நாஸை அணைக்கவும் முறை உண்டு: முதலில் புரோகிராமை மூட வேண்டும், டிஸ்க்கை ஆஃப்லைன் ஆக்க வேண்டும், ஐஸ்கஸி டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் இனிஷியேட்டரில் துண்டிக்க வேண்டும், கடைசியில்தான் பெட்டி.

வெளியிலிருந்து யாராவது நுழைவார்கள் என்றால், "நம்ம சின்ன ஆபீஸை யார் தேடி வரப்போறாங்க" என்பார்கள். தேடுவது புரோகிராம், அதற்குச் சின்னது பெரியது கிடையாது. 2019-ல் 13,000-க்கும் மேற்பட்ட ஐஸ்கஸி சேமிப்பகங்கள் கடவுச்சொல்லே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது தெரியவந்தது. ஐஸ்கஸிக்கான 3260 போர்ட்டை ரவுட்டரில் திறக்கவே கூடாது. இணைபவரைச் சரிபார்க்கும் சாப் கடவுச்சொல் போட்டு, எந்த இனிஷியேட்டர் வரலாம் என்று பெயர் குறித்து வைக்க வேண்டும்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவலைப் பணம் கேட்டுப் பூட்டும் வைரஸான ரான்சம்வேர் பூட்டியது. நோயாளிச் சீட்டைக் கையால் எழுத வேண்டிய நிலை வந்தது. மருத்துவமனையின் இ-ஹாஸ்பிடல் தகவல் திரும்பக் கிடைத்தது, பாதிக்கப்படாமல் தனியே நின்ற ஒரு பேக்கப் சர்வரிலிருந்து. தென்கொரியாவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. 2025 செப்டம்பர் 26 அன்று டேஜோன் அரசுத் தரவு மையத்தில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்களின் 858 டெராபைட் கோப்புகளுக்கு வெளியே நகலே இல்லாததால் மொத்தமும் போயிற்று.

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறைக்கும் அடுத்த அறைக்கும் ஏன் இடைவெளி விடுகிறோம் என்று சிவகாசிக்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பொறி விழுந்தால் ஓர் அறையோடு நிற்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் ஒரிஜினல், ரெய்டு, ஸ்னாப்ஷாட் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்து நிம்மதியாகத் தூங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழைய நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட் நல்லதுதான், கைதவறுதலுக்கு உதவும்; பெட்டி எரிந்தால் அதுவும் சேர்ந்தே எரியும். ஒரு நகல் வேறு கட்டடத்தில், காப்பி முடிந்ததும் கழற்றி வைத்த டிஸ்க்கில் இருக்க வேண்டும். மாட்டியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் பூட்டும்.

ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் குவியும், எதற்கும் நேரம் இருக்காது. அதற்கு முன்பே அந்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, போன வருஷ டிசைன் ஒன்றைத் திறந்து, ஒரு ஷீட் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள்.