எந்தக் கடலோடு போகும்?

"சீனன்குடாக் கண்டல் சேற்றால் யாருக்கு என்ன பயன்? தொழிற்பேட்டையாக்குங்கள், கழிவு கடலோடு போய்விடும்" என்கிறார் நண்பர். எந்தக் கடல் ஐயா? பக்கத்தில் இருப்பது தம்பலகாமம் குடா. ஆழம் குறைவு, வாயோ ஒடுக்கம். உள்ளே வந்த அழுக்கு இலேசில் வெளியேறாது. கண்டல் வேரடியில் கைவிட்டுப் பாருங்கள், இறால் குஞ்சு விரலில் துள்ளும். கண்ணாடிபோல் ஒளி கசியும் தட்டைச் சிப்பிக்காக ஒருகாலம் இங்கே முத்துக்குளிப்பே நடந்தது.

இடம்தான் வேண்டுமா? இதே சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99. பெரும்பகுதி பல தசாப்தமாகப் பற்றைக்குள் துருப்பிடித்துக் கிடந்தது. அப்போது இந்த அவசரம் எங்கே போயிருந்தது?

சம்பூர் நிலக்கரி மின்நிலையத்துக்கும் இதே 'அபிவிருத்தி' வாதம்தான். 2016இல் அதைக் கைவிட்டார்கள். சம்பூரை ஒட்டிய கொட்டியாரக்குடாவில் இன்றும் வலை வீசுகிறார்கள்.