நஷ்டத்துக்குத் தொழிலாளியா பொறுப்பு?

நிஸ்ஸான் மோட்டார் முதலாளிகள் 2025 மே மாதம் ‘மீட்சித் திட்டம்’ ஒன்றை அறிவித்தனர். 20,000 பேர் ஆட்குறைப்பு. 17 ஆலைகள் 10 ஆகுமாம்! ஜப்பானில் 1961 முதல் கார் உற்பத்தி செய்த ஒப்பாமா ஆலையும், மெக்ஸிகோவின் குவெர்னவாகா ஆலையும் மூடுவிழாப் பட்டியலில் ஏறின.

ஏன்? அமெரிக்காவிலும் சீனாவிலும் விற்பனை சரிந்ததாம். எந்தக் காரைச் செய்வது, எங்கே விற்பது என்று முடிவு செய்தது யார்? தொழிலாளியா? நிர்வாகமல்லவா!

1999ல் கார்லோஸ் கோன் கொடுத்ததும் இதே மருந்துதான்: 21,000 வேலைகளுக்கும் 5 ஆலைகளுக்கும் வெட்டு. நோய் தீர்ந்ததா?

1953ல் ஆலையைக் கதவடைத்து, போட்டிச் சங்கத்தை வளர்த்து, போராடிய சங்கத்தை நிர்வாகம் முறியடித்தது. கம்பெனியின் நலனே தொழிலாளியின் நலன் என்ற உபதேசம் அன்று வென்றது. அதற்கு விலை கொடுப்பவன் தொழிலாளியே! ஜப்பான் தொழிலாளியும் மெக்ஸிகோ தொழிலாளியும் ஒரே அணியில் நிற்பதைத் தவிர வேறு வழியில்லை என்கிறோம் நாம்.