ஐஎஸ்ஓ மீது வீண்பழி

"ஐஎஸ்ஓவை ஏத்தாதே, படம் கிரெயின் அடிக்கும்." கேமரா பிடிக்கக் கற்கும் ஒவ்வொருவர் காதிலும் விழும் முதல் உபதேசம் இது. சொல்லிச் சொல்லியே இதை வேதவாக்காக்கிவிட்டார்கள். இது தவறு; இதனால் பாழாகும் படங்கள் ஏராளம்.

ஒளி துகள் துகளாக, ஒழுங்கில்லாமல் சென்சாரில் வந்து விழுகிறது. ஒரு பிக்சலில் சராசரியாக 10,000 ஃபோட்டான் பதிவானால் ஏற்ற இறக்கம் 100 அளவில் இருக்கும். நூற்றில் ஒரு பங்கு, கண் பொருட்படுத்தாது. வெறும் 100 ஃபோட்டான்தான் கிடைத்தது என்றால் ஏற்ற இறக்கம் 10; பத்தில் ஒரு பங்கு. நிழல் பகுதியில் மணல் தூவியதுபோல் தெரிவது பெரும்பாலும் இதுதான். ஷட்டர் மூடும்போதே இந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு கிடைத்த சிக்னலைப் பெருக்குவது மட்டுமே ஐஎஸ்ஓவின் வேலை.

பிலிம் காலத்தில் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. 400 பிலிமில் வெள்ளி உப்பின் பரல்களே பெரியவை. சென்சாரில் அப்படி எதுவும் மாறுவதில்லை.

அதிகாலை முகூர்த்தம். மங்கலான மண்டபம், ஃப்ளாஷ் வேண்டாம் என்கிறார்கள் வீட்டார். எஃப் 2.8 லென்ஸில் ஐஎஸ்ஓ 400ஐத் தாண்டமாட்டேன் என்பவருக்கு ஷட்டர் 1/15 நொடிக்கு இறங்குகிறது. முடிச்சுப் போடும் நாத்தனாரின் விரல்கள் கலங்கிவிடும். 3200 வைத்திருந்தால் 1/125 கிடைத்திருக்கும். புள்ளிகள் கூடும்தான், ஷட்டர் நேரம் குறைந்து வெளிச்சம் குறைந்ததற்கான விலை அது. அவற்றை லைட்ரூமில் மட்டுப்படுத்தலாம். கலங்கிய விரலை என்ன செய்வது?

இன்னும் மோசம், இருட்டாக எடுத்துவிட்டு "அப்புறம் ஏத்திக்கலாம்" என்பது. பெருக்கத்துக்குப் பின் மின்சுற்றில் சேரும் இரைச்சலையும் சேர்த்தே அப்போது தூக்குகிறோம். கேனான் 5டி மார்க் 2 போன்ற கேமராக்களில் நிழலெல்லாம் பட்டை பட்டையாகக் கோடு விழும். நிக்கான் டி750 போன்றவற்றில் வித்தியாசம் சொற்பம்.

ஐஎஸ்ஓவை ஏற்றுவதில் உண்மையான நஷ்டம் வேறு: ஒவ்வொரு இரட்டிப்புக்கும் வெளிச்சப் பகுதியில் ஒரு ஸ்டாப் போகிறது. பட்டு வேட்டியும் விளக்குச் சுடரும் வெளுத்துவிடும். கவலைப்பட வேண்டியது அதற்குத்தான்.

நம்பாதவர்கள் கேமராவை டிரைபாடில் நிறுத்துங்கள். ஷட்டரையும் அபெர்ச்சரையும் மாற்றாமல், ரா ஃபைலில், ஐஎஸ்ஓ 100இல் ஒன்று, 1600இல் ஒன்று எடுங்கள். முதல் படத்தை 4 ஸ்டாப் ஏற்றி, இரண்டின் நிழலையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். பழைய கேமராவானால் 100இல் எடுத்ததே மோசமாக இருக்கும்.