மரக்கிண்ணத்துக்கு எந்த எண்ணெய் பூசுவது?

கேள்வி: காற்றில் சாய்ந்த மாமரம், பலாமரக் கிளைகளைக் கடைசல் பிடித்து, கிண்ணம், தட்டு செய்து வாரச்சந்தையில் விற்கிறோம். பளபளப்பாக இருக்கட்டும் என்று நல்லெண்ணெய் பூசினோம். இரண்டு மாதத்தில் நான்கு கிண்ணங்கள் திரும்பி வந்துவிட்டன. கையில் பிசுபிசுக்கிறது, காறல் வாடை அடிக்கிறது என்கிறார்கள். பெயின்ட் கடையில் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' பூசச் சொல்கிறார்கள். பூசலாமா?
வாசகி, தேனி மாவட்டம்.

பதில்: சாப்பிடும் பாத்திரத்துக்கு அதைப் பூச வேண்டாம் அம்மா. காரணம் சொல்கிறேன்.

நல்லெண்ணெய் சாப்பிட நல்லதுதானே, மரத்துக்கு மட்டும் ஏன் ஆகவில்லை என்று தோன்றும். சாப்பிட ஏற்ற எண்ணெய் வேறு, மரத்தில் பூச ஏற்ற எண்ணெய் வேறு. மரத்துக்குப் பார்க்க வேண்டியது, அந்த எண்ணெய் காயுமா என்பதைத்தான்.

எண்ணெய்களில் மூன்று வகை உண்டு. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் ஆகியவை காயாதவை. நல்லெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இரண்டும் அரைகுறையாகக் காய்பவை. ஆளி விதை எண்ணெய் நன்றாகக் காயும். காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மெல்லிய தோல்போல இறுகிவிடும். இறுகாத எண்ணெய் மரத்தின் துளைகளில் ஈரமாகவே தங்கி, தூசியைப் பிடித்து, நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். உங்கள் கிண்ணத்துக்கு நேர்ந்தது அதுதான். நானும் என் வீட்டு மரத்தட்டுக்குக் கடலை எண்ணெய் பூசி, மழைக்காலம் முழுக்க அதைத் தேய்த்துக் கழுவியவன்தான். கடலை எண்ணெயில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர் யார் வாங்குவார் என்று நமக்குத் தெரியாது.

பெயின்ட் கடைக்காரர் சொன்னதும் ஆளி விதை எண்ணெய்தான். ஆனால் கதவு, ஜன்னலுக்கு விற்கும் அந்த 'பாயில்டு' எண்ணெயில், சீக்கிரம் காய்வதற்காகக் கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோக உப்புகளைச் சேர்ப்பது வழக்கம். சிலவற்றில் ஈயமும் இருக்கலாம். குழந்தை சோறு உண்ணும் கிண்ணத்துக்கு அது எதற்கு? வேப்பெண்ணெய், புங்க எண்ணெய் எல்லாம் மண்வெட்டிக் காம்புக்கும் ஏருக்கும் இருக்கட்டும். படகுக்குப் பூசும் முந்திரி ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கிண்ணத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: சாப்பிடுவதற்கென்று விற்கும், எதுவும் கலக்காத, செக்கில் ஆட்டிய ஆளி விதை எண்ணெய். கிண்ணம் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்துணியால் துடைத்தால் மரச்சிலும்பு எழும்பும். காய்ந்தபின் நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிஞ்சியதைச் சுத்தமாகத் துடைத்து எடுங்கள். தடிப்பாகப் பூசினால் மேலே ஆடை கட்டி உள்ளே பிசுபிசுக்கும். காற்றோட்டமான இடத்தில் ஒரு பூச்சு காய நாலு நாள் முதல் ஒரு வாரம் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். மூன்று பூச்சு போதும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு மாதம் விட்டு விற்பனைக்கு எடுங்கள்.

இரண்டாம் வழி: மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினும் தேன்மெழுகும். இந்த எண்ணெய் காயாது. ஆனாலும் இது கனிம எண்ணெய் என்பதால் காறல் வாடை வராது. வேறு மருந்து கலந்த வெள்ளைக் குழம்பை வாங்கிவிடாதீர்கள். லேபிளில் லிக்விட் பாரஃபின் மட்டும் இருக்க வேண்டும். வாசனை சேர்த்த பேபி ஆயிலும் ஆகாது. நாலு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு, எடைக்கணக்கில். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து உருக்குங்கள், நேரடித் தீ வேண்டாம். ஆறியபின் துணியால் தேய்த்து, மறுநாள் துடைத்தால் அன்றே விற்கலாம். கழுவக் கழுவ இது குறையும். வாங்குபவர் மாதம் ஒருமுறை மறுபடி தேய்த்துக்கொள்ள வேண்டும். மெழுகு அறுபது டிகிரி சூட்டைத் தாண்டினாலே உருகும் என்பதால், கொதிக்கிற சாம்பாருக்கு இந்தக் கிண்ணம் ஆகாது. பழம், கடலை, பொரி வைக்கலாம்.

சந்தையில் உடனே பணம் வேண்டுமென்றால் இரண்டாம் வழி. பொறுமையிருந்தால் முதல் வழி. அதில் பூச்சு நீடிக்கும்.

முதல் வழியில் போனால் ஒன்றை மறக்கவே கூடாது. ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும். துடைத்த துணியைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டால், அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்து, யாரும் நெருப்பு வைக்காமலே சில மணி நேரத்தில் பற்றிக்கொள்ளலாம். பட்டறை கூரைக்கொட்டகையாக இருந்து, பக்கத்தில் மரத்தூளும் வைக்கோலும் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. துணியை வெளியே தரையில் விரித்து விறைப்பாகக் காயவிடுங்கள். இல்லையேல், தண்ணீர் நிறைந்த மூடிபோட்ட டின்னில் முக்கி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

திரும்பி வந்த நான்கு கிண்ணங்களையும் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் தேய்த்து, நிழலில் பத்து நாள் உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். பிறகு ஒரு டப்பாவில் இரவு முழுக்க மூடிவைத்து, காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். வாடை இல்லையென்றால் மறுபடி பூசி விற்கலாம். வாடை இருந்தால் பூ வைக்க, சாவி போட வைத்துக்கொள்ளுங்கள், உணவுக்குக் கொடுக்க வேண்டாம்.

இனி விற்கும் ஒவ்வொரு கிண்ணத்தோடும் ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள்: என்ன மரம், என்ன எண்ணெய், தண்ணீரில் ஊறப்போடக் கூடாது, கழுவியதும் துடைத்து நிழலில் வைக்க வேண்டும். திருப்பிக் கொடுக்க வந்தவர்களைக் கூப்பிட்டு, காரணத்தைச் சொல்லி, மாற்றிக் கொடுத்துவிடுங்கள். நான்கு கிண்ணத்தின் விலை போனாலும், சந்தையில் உங்கள் பெயர் நிற்கும்.