விடிந்தபின் கண்டாலும் வழியுண்டு

இரவு நலமாய்ப் படுத்த தந்தையார், விடிகாலையில் வாய் கோணி, ஒருபக்கம் இயங்காது கிடக்கிறார். “நேரம் கடந்துவிட்டதே” என்று கலங்கிய குடும்பங்களை நாம் அறிவோம்.

மூளையின் பெருநாடியை அடைத்த இரத்தக்கட்டியை நுண்குழாய் செலுத்தி அகற்றும் சிகிச்சை, முன்னர் பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள்ளேயே செய்யப்பட்டது. 2018இல் வெளியான ‘டோன்’ ஆய்வு, 6 முதல் 24 மணி நேரம் கடந்தோருள், மீட்கத்தக்க மூளைப்பகுதி எஞ்சியிருப்பதாகப் படப் பரிசோதனை காட்டியவர்களைத் தெரிந்தெடுத்தது. 90 நாள்களின் பின், கட்டி அகற்றப்பட்டோரில் நூற்றுக்கு 49 பேர் பிறர் துணையின்றி வாழ்ந்தனர். அகற்றப்படாதோரில் 13 பேரே.

யார் தேறுவார்? வயது, பாதிப்பின் கடுமை, ஏற்கெனவே அழிந்த மூளைப்பகுதியின் அளவு, குருதியோட்டம் மீண்ட அளவு ஆகியவற்றைக் கொண்டே வைத்தியர் கணிப்பர். மறுநாள் நிலைமையும் குறிகாட்டும். ஆயினும் அதுவே முடிந்த தீர்ப்பன்று.

எனினும், 24 மணி நேரம் உண்டென்று ஆறியிருத்தல் பெருந்தவறு. கணந்தோறும் மூளை அழிகிறது. மொழி தெரியாதென்று தயங்காது அம்புலன்ஸை அழைப்போம். நோயாளியைக் கடைசியாக நலமாய்க் கண்ட நேரத்தை மறவாது சொல்வோம். வைத்தியர் முதலில் கேட்பது அதனையே.