அச்சைச் சுரண்டாதீங்க... கதவையும் மூடாதீங்க!

கோவை என்றால் பம்ப்செட். பம்ப்செட் என்றால் வார்ப்படம். மதுக்கரை முதல் கணபதி வரை ஃபவுண்டரிக்காரர்களைக் கேளுங்கள், 'டை' சுத்தம் செய்வதுதான் பெரும்பாடு என்பார்கள். அலுமினியம் வார்க்கும் எஃகு அச்சில் கருகிய எண்ணெய் அடையாக ஒட்டிவிடும். கம்பி பிரஷ்ஷால் அழுத்திச் சுரண்டினால் அச்சும் தேயும். வார்க்கும் பொருளின் அளவு மாறும்.

இதற்கொரு வழி, டிரை ஐஸ். மைனஸ் 78 டிகிரியில் உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு குருணைகளைக் காற்றழுத்தத்தில் அடித்தால், அடை விறைத்து உதிரும். குருணை ஆவியாகிவிடும், ஈரம் இருக்காது.

ஆனால், அந்த வாயு காற்றைவிடக் கனம். மணமும் நிறமும் இல்லை. மூடிய அறையில் தேங்கினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலைக்குப் போகிறார்களா? 'கதவைத் திறந்து வைத்தீங்களா?' என்று இன்றே கேளுங்கள்!